புயலுக்கு மறுநாள்

கடலூர்க் கரையின் வரலாற்றைப் பயிலும் மாணவர் இரண்டு பழம் புயல்களைக் காணாமல் அதனைக் கடந்து செல்ல இயலாது. முதற்புயல் 1749-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அடித்தது. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை அடுத்த கடற்பகுதியில் ஆங்கிலேயரின் ‘நாமூர்’, ‘பெம்புரோக்’ என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் அப்புயலிலே அழிந்தன. நாமூர் என்பது கடற்படைத் தலைவர் பாஸ்காவன் ஏறிவந்த கொடிக்கப்பல். தலைவர் அன்றிரவு கரையில் தங்கியிருந்தமையால் தப்பினார். கப்பலில் இருந்தோரில் ஐந்நூற்றுவருக்கு மேல் நீரில் மாண்டனர். இரண்டாம் புயல் 1760-ஆம் ஆண்டின் கடைசி இரவில் எழுந்து 1761-ஆம் ஆண்டின் முதல் விடியலில் முடிந்தது. புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களிற் சில மூழ்கின. சில கரையில் மோதிச் சிதறின. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஓரிரவில் உயிர் துறந்தனர்.

இவ்விரண்டாம் புயலில் நாம் கருதிப் பார்க்கத்தக்க செய்தி கப்பல் மூழ்கியது மட்டுமன்று. கரையில் இருந்த ஆங்கிலப் பாசறையின் கூடாரங்கள் பறந்துவிட்டன, பீரங்கி மேடைகள் சரிந்துவிட்டன, வெடிமருந்து நனைந்துவிட்டது. கோட்டைக்குள்ளே இருந்த பிரெஞ்சுத் தளபதி லாலி, முற்றுகை உடைந்தது என்றே எண்ணினார். அண்டையிலுள்ள டச்சுக்காரர்களிடமும் டேனியரிடமும் உணவுப் பொருள் பெற விரைந்தார். எதிர்ப்பக்கத்தில் நிகழ்ந்ததோ வேறு. எஞ்சிய கப்பல்களைத் திரட்டி, ஒரு வாரத்துக்குள் மீண்டும் துறையை அடைத்துவிட்டார் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஸ்டீவன்ஸ். தரையில் தளபதி கூட் மேடைகளை மறுபடி கட்டினார். அதே சனவரித் திங்களின் நடுவில் புதுச்சேரி பணிந்தது. புயல் இரு சாராரையும் ஒருங்கே தாக்கியது; ஆனால், புயலுக்குப் பின்வந்த ஏழு நாட்களை யார் எவ்வாறு பயன்படுத்தினார் என்பதே முடிவைத் தீர்மானித்தது.

இவையெல்லாம் படைத்தலைவர்களின் மறுநாட்கள். மாணவ நண்பர்களே, அதே காலையில் கடலூரிலும், நெல்லிக்குப்பத்திலும், பண்ணுருட்டியிலும் கூரை இழந்து நின்ற குடும்பத்தார் யாது செய்தனர்? முதலில் எதனைத் தேடினர்? நனைந்த நெல்லை எங்கே உலர்த்தினர்? குடிக்க நீர் எங்கே மொண்டனர்? எந்த ஆவணமும் நமக்கு இதனைச் சொல்லவில்லை. புதுச்சேரியின் நாட்குறிப்பு வேந்தரான ஆனந்தரங்கப் பிள்ளையோ அந்தச் சனவரியிலேயே காலமானார். கப்பலின் பெயர்கள் நின்றன. குடிகளின் மறுநாள் ஏட்டில் ஏறவில்லை. வரலாறு கற்பித்து வாழ்நாளைக் கழித்த எனக்கு இது நெடுநாளாக ஒரு குறையாகவே தோன்றி வந்தது. ஆதலின், நானே கண்ட ஒரு புயலின் மறுநாளை இன்று வரலாறாகச் சொல்ல முற்படுகின்றேன்.

அப்புயலின் பெயர் ‘தானே’. வட இந்தியப் பெருங்கடலில் தோன்றும் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கம் 2004-இல் தொடங்கியது. இப்பெயர் மியன்மா நாடு தந்தது. தமிழிலே அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டாதலால், “யாரும் அழைக்கவில்லை, தானே வந்தது” என்று எங்கள் பக்கத்து மக்கள் அந்தத் துன்பத்திலும் ஒரு சிரிப்பைக் கண்டெடுத்தார்கள். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் வங்கக் கடலில் தாழ்வு மண்டலமாகத் தோன்றி, 30-ஆம் நாள் காலை ஆறரை மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையே புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே அது கரையேறியது. காற்றின் விரைவு மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர். 1761-ஆம் ஆண்டுப் புயலுக்கும் இதற்கும் இடையே 251 ஆண்டுகள்; அதிலும் இரண்டே நாள் குறைவு. அதே கரை, அதே மார்கழி. தமிழகத்திலும் புதுச்சேரியிலுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

நான் வாழும் வடக்குத்து, நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஊர்; கடலூரிலிருந்து சாலை வழியே 40 கிலோமீட்டர் அளவில் உள்ளது. செம்மண் மேட்டு நிலம். சுற்றிலும் முந்திரித் தோப்பும் பலாத் தோப்பும். ஒருபுறம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல் மின் நிலையங்களும். ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருளிலிருந்து தொடங்கிய கதை அது. 1956-இல் நிறுவனம் பதிவாயிற்று. 1957-ஆம் ஆண்டு மே மாதத்தில் சுரங்கப் பணியை நேரு பெருமகனார் தொடங்கி வைத்தார். 1962 முதல் இங்கே மின்சாரம் பிறந்து வருகின்றது. கடலை விட்டு இத்துணைத் தொலைவில், மின்சாரத்தின் பிறந்தகத்திலேயே குடியிருக்கும் எங்களுக்குப் புயல் என்பது செய்தித்தாளில் படிக்கும் பொருளாகவே இருந்தது.

அன்று வைகறையில் காற்று வடமேற்கிலிருந்து சீறியது. பொழுது ஏற ஏற மேற்குக்கும், பின்னர்த் தென்மேற்குக்கும் திரும்பியது. ஒரு திசைக் காற்றினால் வேர் தளர்ந்த மரத்தை மறுதிசைக் காற்று வந்து சாய்த்தது. இடையில் ஒருமுறை காற்றின் ஓசை சற்றே தணிந்தது. கொல்லைப்புறத்து மாட்டைப் பார்க்க நான் கதவின் தாழில் கைவைத்தேன். “இருடா, இன்னும் முடியவில்லை” என்றார் என் அன்னையார். அவர் நாகைப் பக்கத்தில் பிறந்தவர். 1952-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் நாகையைத் தாக்கிய புயலைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியாய் இருந்து கண்டவர். காற்று நின்றுவிட்டதென்று நம்பி வெளியே போன அண்டை வீட்டார் ஒருவர் திரும்பி வரவில்லை என்பதை அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கின்றேன். அவ்வாறு அவர் சொன்ன ஒரு சொல்லில் ஓர் அறிவியல் உண்மை அடங்கியிருந்தது.

புயல் என்பது நேராக ஓடும் காற்றன்று. ஒரு நடுவைச் சுற்றிச் சுழலும் காற்று. 1840-களில் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிட்டிங்டன் என்பார் பாம்பின் சுருளை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குச் ‘சைக்லோன்’ என்று பெயர் வைத்தார். அச்சுருளின் நடுவே ‘கண்’ எனப்படும் அமைதியான பகுதி உண்டு. கண் ஓர் ஊரின் மேல் செல்லும்போது காற்று நின்றுவிடும். சில வேளைகளில் வானமும் வெளுக்கும். அரைமணியோ ஒருமணியோ கழித்து, எதிர்த்திசையிலிருந்து அதே வன்மையோடு காற்று மீண்டும் வீசும். எங்கள் ஊருக்கு மேல் கண் செல்லவில்லை; எனினும், தணிவு வேறு, ஓய்வு வேறு என்பதைக் கதவருகே நின்ற அந்த நொடியில் கற்றேன். அடுத்த கால்மணிக்குள் அண்டை வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஒன்று எங்கள் முற்றத்தைக் கத்தி போல் கடந்து சென்றது. ஆழிப்பேரலைக்கும் இஃது ஒக்கும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூற்றுவருக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன அப்பேரலை ஒரே அலையாக வரவில்லை. அலை வாங்கியபின் அடுத்த அலை வந்தது. ஆகவே, பேரிடருக்குப் பின் ஓர் இல்லம் செய்யத்தக்க முதற் செயல், ‘பின்’ என்பது வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்வதே. அதற்கு உதவுவது உலர்மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறிய வானொலிப் பெட்டி. வானொலியிற் பேசுவதால் இதனைச் சொல்லுகின்றேன் என நேயர்கள் கருதவேண்டா. அன்று எங்கள் தெருவிலிருந்த கைப்பேசிகள் அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக ஊமையாயின. தாத்தா ஒருவரின் பழைய டிரான்சிஸ்டர் ஒன்றே பேசிக்கொண்டிருந்தது.

முற்பகலில் வெளியே வந்தோம். ஊர் எது, தோப்பு எது என்று தெரியவில்லை. அந்தக் காட்சியை வருணிப்பதற்கு நான் காலத்தைச் செலவிட விரும்பவில்லை. அடுத்த சில மணிகளில் எங்கள் தெருவார் செய்ததும் செய்யத் தவறியதுமே என் பொருள்.

எதிர்வீட்டுப் பெரியவர் தம் வாசலில் நின்று மக்களையும் மருமக்களையும் பேரப்பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். அழைக்கப்பட்டவர் “இருக்கின்றேன்” என்று குரல் கொடுக்கவேண்டும். பள்ளியிலே வருகைப் பதிவு எடுத்துப் பழகிய எனக்கே அது தோன்றவில்லை. அவர் தம் வீட்டோடு நிற்காமல், தனியே வாழும் இரண்டு மூதாட்டியர் வீட்டுக்கும் ஆளனுப்பினார். அவருள் ஒருவர் சரிந்த கீற்றின் அடியிலே பேச்சின்றிக் கிடந்தார். உடனே எடுத்தமையால் பிழைத்தார். பொருளை எண்ணுவதற்கு முன் ஆளை எண்ணவேண்டும் என்பது சொல்வதற்கு எளிது. சரிந்து கிடக்கும் பலாவைக் கண்டவுடன் அதனிடமே கால்கள் ஓடுகின்றன. நானும் என் தோப்பையே முதலில் எண்ணினேன் என்பது தெருவறிந்த செய்தி.

மின்கம்பிகள் எங்கும் அறுந்து கிடந்தன. மின்சாரம் நின்றுவிட்டதே, இனி என்ன அச்சம் என்று சிறுவர்கள் அவற்றைத் தாண்டினர். நின்ற மின்சாரம் எந்த நொடியிலும் திரும்பி வரலாம்; மற்றொரு வழியிலும் வரலாம். செல்வர் ஒருவர் தம் வீட்டில் ஜெனரேட்டர் ஒன்றை வீட்டுக் கம்பியோடு நேரே இணைத்துவிட்டால், அம்மின்சாரம் தெருக்கம்பிக்கும் பாயும். கம்பத்தில் ஏறிய பணியாளரை அது கொன்றுவிடும். அக்கருவியைக் கதவடைத்த அறைக்குள் ஓட்டினால் அதன் நச்சுப்புகை உறங்குவோரைக் கொல்லும். இவ்விரண்டும் பழைய புயல்கள் அறியாத சாவுகள். பழைய புயல்கள் அறிந்த சாவு ஒன்றும் உண்டு: மண்சுவர். நனைந்த சுவர் மழையிலே நிற்கும். இரண்டாம் நாள் வெயில் கண்டதும் விழும். சுவர் நிற்கின்றதே என்று அதன் நிழலில் பாய் விரிப்போர் இன்றும் ஒவ்வொரு பருவமழையிலும் இறக்கின்றனர். மண்சுவர் முற்றும் உலர்ந்து, விரிசல் பார்க்கும் வரையில் பள்ளிக்கூடத்திலோ சத்திரத்திலோ உறங்குவதே நலம்.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். வரலாற்றின் கேலியை நான் அங்கேதான் கண்டேன். 1952-இல் புயல் அடித்தபோது நாகைப் பக்கத்துக் குடும்பம் கூரையை இழந்தது, மாட்டை இழந்தது, ஆனால், நீரை இழக்கவில்லை. கிணறு இருந்தது; கயிறும் வாளியும் இருந்தன; குப்பையை அகற்றினால் மறுநாளே நீர் இறைக்கலாம். 2011-இல் எங்கள் தெருவில் கயிறு கட்டி இறைக்கும் கிணறு ஒன்றுகூட இல்லை. ஆழ்துளைக் கிணறு, அதனுள்ளே மின்னேற்றி, மேலே தொட்டி. சுரங்கத்தின் அடியிலுள்ள நீரழுத்தம் நிலக்கரியை மீறி எழாதிருக்க இரவும் பகலும் நீரை வெளியேற்றும் நிலம் இது. நிலத்தடி நீர் எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டது. மின்சாரம் போனது, அன்றே நீரும் போனது. ஊருக்குப் பொதுவான மேல்நிலைத் தொட்டியும் வறண்டது. மின்விளக்கு இல்லாத இரவைத் தாங்கிக்கொண்ட மக்கள், நீரில்லாத இரண்டாம் பகலில் நிலைகுலைந்தனர். நாகரிகம் வளர வளர ஓர் இல்லத்தின் தேவைகள் ஒரே கம்பியில் கோக்கப்பட்டுவிடுகின்றன. கம்பி அறுந்தால் மணிகள் எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன.

வாடகை ஜெனரேட்டரைக் கொணர்ந்து பொதுத் தொட்டியை நிரப்ப வீட்டுக்கு ஒரு தொகை வாங்கினோம். அதுவரையில், வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் எஞ்சிய நீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே என்று வரையறுத்த இல்லங்கள் தப்பின. முதல் நாளே சேற்றைக் கழுவித் தீர்த்துவிட்ட இல்லங்கள் பாழ்கிணற்று நீரை நாடின. அந்நீரைக் கொதிக்கவைக்க விறகுக்கா பஞ்சம்? ஊரெங்கும் மரம் விழுந்து கிடந்தது. ஆயினும், கொதிக்கவைக்கும் பொறுமை பலருக்கு இல்லை. மூன்றாம் நாள் குழந்தைகள் சிலருக்கு வயிற்றுப்போக்குக் கண்டது.

இங்கே மற்றொரு பெரும் இடரின் வரலாற்றை மாணவர்கள் அறியவேண்டும். 1970-ஆம் ஆண்டு நவம்பரில் கிழக்கு வங்கத்தைத் தாக்கிய புயலில் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்கள் இறந்தனர். அடுத்த ஆண்டே அங்கே போர் மூண்டது. ஏதிலியர் வெள்ளமாக இந்தியாவுக்குள் வந்தனர். முகாம்களில் வாந்திபேதி பரவியது. போங்காவ் என்னும் எல்லையூரில் மருத்துவம் செய்த திலீப் மகாலனபிசு, நரம்பின் வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோனமையால், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெரிய கொள்கலங்களில் கரைத்துக் குடிக்கச் செய்தார். மருத்துவர் கை எட்டாத இடத்தில் நோயாளியின் உறவினரே கிண்ணத்தில் எடுத்துப் புகட்டினர். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த சாவு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. ஒரு லிட்டர் கொதித்தாறிய நீர், மட்டமாக அள்ளிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு: இவ்வளவே அம்மருந்து. எங்கள் தெருவில் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் வீடு வீடாகச் சென்று இதனைக் கரைத்துக் காட்டினார். குழந்தைகள் தேறினர். உப்பை மிகுதியாக இடுவது தீங்கு என்பதையும் அவர் ஒவ்வொரு வீட்டிலும் வற்புறுத்தினார்.

இனி மரங்களுக்கு வருகின்றேன். பண்ணுருட்டிப் பலா என்று உலகம் சொல்லும் பழம் எங்கள் வட்டாரத்துச் செம்மண்ணின் செல்வம். பாட்டன் நட்ட மரத்தில் பேரன் பழம் பறிப்பான். மகளின் திருமணத்துக்கும் மகனின் கல்லூரிக் கட்டணத்துக்கும் அம்மரமே வங்கி. பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொணர்ந்த முந்திரியும் இம்மண்ணில் அவ்வாறே வேரூன்றியது. தானே புயல் ஒரு காலைப் பொழுதில் இவ்விரண்டையும் படுக்கவைத்துவிட்டது.

நான்காம் நாளே லாரிகள் வந்துவிட்டன. விறகு வாணிகர் தோப்பு தோப்பாக விலை பேசினர். சேற்றில் மரம் கிடப்பதைக் காணப் பொறாத உழவர்கள், வந்த விலைக்குக் கொடுத்துவிட்டனர். இசைக்கருவிக்கும் நிலைக்கதவுக்கும் ஏற்ற முதிர்ந்த பலாக்கட்டை விறகு விலையில் ஏறிச் சென்றதை நான் கண்டேன். அதனினும் பெரிய இழப்பு வேறொன்று. முற்றும் பெயராமல், ஒருபுற வேர் மண்ணில் இருக்கவே சாய்ந்து கிடந்த இளமரங்களையும் வெட்டிக் கொடுத்துவிட்டனர். கிளைகளைக் கழித்து, மெல்ல நிமிர்த்தி, முட்டுக் கொடுத்து, வேர் காய்வதற்குள் மண் அணைத்தால் அவற்றிற் பல பிழைத்திருக்கும். என் உறவினர் ஒருவர், பலரும் நகைக்க, பதினொரு முந்திரி இளமரங்களை இவ்வாறு நிமிர்த்தினார், ஏழு தழைத்தன. இருபது நாள் பொறுத்துக் கட்டையைத் தச்சுப் பட்டறைக்கு விற்றவரும் ஒருவர் இருவர் இருந்தனர். அவர்கள் பெற்ற விலை வேறு. கையில் செலவுக்குப் பணம் இருந்தவரே பொறுக்க முடிந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. பணம் தரும் எந்திரங்கள் மின்சாரமின்றி உறங்கின. கடனுக்குக் கொடுக்கும் மளிகைக் கடையும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆதலால், அரிசிப் பானையின் அடியில் சிறிதளவு பணத்தாளை வைத்திருந்த நம் பாட்டியரின் பழக்கத்தை நான் இகழமாட்டேன்.

மரத்தை விற்பதில் மற்றொரு சிக்கலும் இருந்தது. 1980 வரையில் ஊரின் சேதத்தை எழுதியவர் பரம்பரைக் கணக்கப்பிள்ளை. அவருக்கு எவர் தோப்பில் எத்தனை மரம் என்பது மனப்பாடம். எவர் பகைவர் என்பதும் மனப்பாடம். அவ்வாண்டு அப்பதவி ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் என்னும் பதவி வந்தது. புதிய அலுவலர் நேரிற் கண்டு எழுதவேண்டும்; காண்பதற்கு மரம் இருக்கவேண்டும். அவர் வருவதற்கு முன்னரே தோப்பைத் துப்புரவு செய்துவிட்டவர்கள், வெற்று நிலத்தைக் காட்டி, இங்கே நாற்பது மரம் இருந்தது என்று வாதாட நேர்ந்தது. கூரை வீடுகளுக்கும் இதே நிலை. குடியிருக்க இடம் வேண்டுமே என்று இரண்டே நாளில் கீற்று வேய்ந்துகொண்ட உழைப்பாளியின் வீடு, கணக்கெடுப்பில் ‘பகுதிச் சேதம்’ ஆயிற்று. சோம்பியிருந்தவரின் வீடு ‘முழுச் சேதம்’ ஆயிற்று. இதனை எண்ணி நான் பலநாள் மனம் புழுங்கியதுண்டு. வீட்டைச் சீர்செய்யாதே என்று யாரிடமும் சொல்ல இயலாது. சீர்செய்வதற்கு முன் படம் எடுத்துக்கொள், அண்டையார் இருவரைச் சான்றாகக் காட்டி மரத்தையும் மாட்டையும் தாளில் எழுதிவை என்று சொல்லலாம். இன்று கையில் கைப்பேசி உள்ள எந்த மாணவரும் தம் பெற்றோருக்கு இதனைச் செய்து தரலாம்.

தாள் என்றதும் குடும்ப அட்டை நினைவுக்கு வருகின்றது. பட்டா, வங்கிப் புத்தகம், மதிப்பெண் சான்று, குடும்ப அட்டை ஆகிய இவை நனைந்து கூழானதைக் கண்டு அழுத பெண்களை நான் அறிவேன்; இடிந்த சுவருக்கு அவர்கள் அவ்வளவு அழவில்லை. சுவரை எழுப்பும் உதவித்தொகை அத்தாளின் வழியேதான் வரவேண்டும். நனைந்த தாளை வெயிலிலும் அடுப்பருகிலும் காட்டலாகாது. ஒட்டிய ஏடுகளை இழுத்துப் பிரிக்கவும் கூடாது. நிழலில், காற்றோட்டத்தில், உறிஞ்சும் தாள்களுக்கிடையே வைத்து உலர்த்தவேண்டும்.

வரலாற்று மாணவன் என்ற முறையில் நான் இவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது ஒரு மாறுதல் புலப்படுகின்றது. பழங்காலத்தில் கொன்றது புயலின் இரவு. 1864-இல் கல்கத்தாவை அழித்த புயல் முன்னறிவிப்பின்றி வந்தது. அப்புயலும் பின்வந்த பஞ்சங்களுமே 1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றக் காரணமாயின. அதன்பின்னும் முன்னறிவிப்பு குடிசைக்குச் சென்று சேர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவில் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற புகைவண்டி பயணிகளோடு கடலுக்குள் போனது. 1999-இல் ஒரிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ பதினாயிரவர் மாண்டனர். அதே கரையை 2013-இல் பைலின் புயல் தாக்கியபோது இலட்சக்கணக்கானோர் முன்னதாகவே இடம்பெயர்க்கப்பட்டனர். சாவு ஐம்பதை எட்டவில்லை. செயற்கைக்கோளும் தொலைத்தொடர்பும் இரவின் கொடுமையைப் பெரிதும் அடக்கிவிட்டன. ஆனால், தப்பியவர்கள் அனைவரும் மறுநாள் விழித்தெழுகின்றனர். அவர்களுக்கு நீர் வேண்டும், கூரை வேண்டும், தொழில் வேண்டும். இரவைக் காக்கும் பொறுப்பு அரசின் கைக்குச் சென்ற அளவுக்கு, மறுநாளின் சுமை இல்லத்தின் மேல் கூடியுள்ளது. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மாவட்டந்தோறும் ஆணையம் உண்டு. 1077 என்னும் எண்ணில் கட்டுப்பாட்டு அறையை அழைக்கலாம். இவை பெரும் உதவிகளே. எனினும், விழுந்த மரங்களைக் கடந்து முதல் வண்டி ஊருக்குள் வருவதற்கு நாட்கள் ஆகும். அந்த நாட்கள் இல்லத்துக்கும் தெருவுக்கும் உரியவை.

ஓர் இடரில் கற்றது மறு இடருக்கு அப்படியே பொருந்துவதுமில்லை. 2015-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் நெய்வேலியில் 24 மணி நேரத்தில் 483 மில்லிமீட்டர் மழை கொட்டியது. விசூர், பெரியகாட்டுப்பாளையம் முதலிய ஊர்களில் ஓடை வெள்ளம் வீடுகளையே அடித்துச் சென்றது. தானே புயலில் வீட்டுக்குள் இருந்தவர் பிழைத்தார். இவ்வெள்ளத்தில் வீட்டைவிட்டு மேட்டுக்கு ஓடியவர் பிழைத்தார். வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் நுழையும்போது கோல் ஒன்றைக் கையிற் கொண்டு தட்டிச் செல்லவேண்டும். பானைக்குள்ளும் துணிமூட்டைக்குள்ளும் பாம்பு ஒதுங்கியிருக்கும். கடித்தால் கீறுவதும் இறுகக் கட்டுவதும் தீது. அசையாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முறை. காற்றின் பாடத்தையே கற்றிருந்த எங்களுக்கு நீரின் பாடம் புதிதாயிருந்தது.

தானே புயலுக்குப் பின் என் அன்னையார் என்னை ஒரு செயலுக்குத் தூண்டினார். “1952-இல் நடந்தது என் வாயோடு போகும், இதையாவது எழுதிவை” என்றார். குடும்ப அட்டை வைத்திருக்கும் தகரப் பெட்டியிலேயே ஒரு குறிப்பேடு வைத்தோம். அதில் பெருங்கருத்து ஒன்றுமில்லை. 2011 டிசம்பர் 30: காற்று, ஆட்கள் அனைவரும் நலம், பலா ஒன்பது, முந்திரி முப்பத்திரண்டு விழுந்தன. சனவரி 1: பொதுத் தொட்டிக்கு ஜெனரேட்டர், வீட்டுக்கு ஐம்பது ரூபாய். சனவரி 6: அலுவலர் வந்து எழுதிச் சென்றார், எஞ்சிய பலா இரண்டு என்றார், மூன்று என்று திருத்தினோம். சனவரி 16, மாட்டுப் பொங்கல், பதினெட்டாம் நாள்: மாலை ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. அதற்கடுத்த பக்கத்தில் 2015-ஆம் ஆண்டு வெள்ளம் இருக்கின்றது. அது என் மகளின் கையெழுத்து.